மௌன நாளில் கொடுத்த மருந்து

ஜூன் 22, ஞாயிறு

ஏகாதசி. சூரியன் மறையும்வரை மடத்தில் யாரும் பேசவில்லை. பேசாத நாளில்தான் எனக்குள் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று முன்பொரு முறை மடத்துத் தலைவி மாதாஜியிடம் சீட்டில் எழுதிக் காட்டினேன். ‘எல்லோருக்கும் அப்படித்தான். போய்க் கொத்தவரங்காய் நறுக்கு’ என்று அதே சீட்டின் பின்பக்கம் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

இன்று மருந்தகத்துக்கு நாற்பத்தொரு பேர் வந்தார்கள். டாக்டர் ஆவுடையப்பன் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து பார்க்கிறார். அவர் மடத்துக்காரர் இல்லை, அதனால் பேசலாம். எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து அவரே பேசிவிடுகிறார். நான் ஜன்னலில் நின்று மருந்து கொடுக்கிறேன்.

மடத்தைத் தொடங்கிய பெரிய சுவாமிகள் வைத்த வழக்கம் இது: வாங்க வருகிறவரிடம் பெயர், சாதி, ஊர் கேட்கக் கூடாது. ஆளுக்கு ஓர் அலுமினிய டோக்கன், அதில் ஓர் எண், அவ்வளவுதான். கொடுக்கிற பொருளின் விலையும் அவர்கள் கண்ணில் படக் கூடாது. ஆகவே மாத்திரைகளை முதல் நாளே அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பள்ளிப் பிள்ளைகள் பழைய நோட்டுத் தாளில் ஒட்டித் தரும் கவர்களில் போட்டு வைப்பேன். தினமும் சாப்பிட வேண்டிய கவரில் ஏழு புள்ளி. வாரம் ஒருமுறை என்றால் ஒரு புள்ளி. காலிக் கவரைத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் அடுத்த மாத மருந்து.

மௌன நாளில் கொடுக்கும் மருந்துக்கு வீரியம் அதிகம் என்று வரிசையில் நிற்பவர்கள் பேசிக்கொள்வார்கள். 214-ஆம் எண்காரப் பெண் இரண்டு கவரையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். விரல் மூட்டுகள் வீங்கிப் போயிருந்தன. வழக்கமாக எது எப்போது என்று வாயால் சொல்லி அனுப்புவேன். இன்று ஒரு விரலையும் ஏழு விரலையும் காட்டினேன்.

குருபூர்ணிமாவுக்கு இன்னும் பதினெட்டு நாள். அன்று எனக்குத் தீட்சையோடு வெள்ளைச் சேலை கொடுக்கிறார்கள். வந்து ஒன்றரை வருடமாக இந்த ஒரு நாளுக்காகவே காத்திருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

மடத்துப் பள்ளியில் நான் தமிழ் எடுக்கும் ஆறாம் வகுப்புக்கு ‘என் வீடு’ என்று கட்டுரை கொடுத்தேன். மாரிசெல்வி நான்கு வரியில் முடித்துவிட்டாள். ‘எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அப்பா கேரளாவில் புரோட்டா போடுகிறார். அம்மா பீடி சுற்றுவாள். இப்போது மெதுவாகச் சுற்றுகிறாள்.’

நல்ல கடைசி வரி. பத்துக்கு எட்டு போட்டேன்.

ஜூன் 25, புதன்

குப்பை எரிக்கும் முறை என்னுடையது. மருந்தகக் கூடையைக் கொட்டியபோது காலி அட்டைகள் விழுந்தன. 214-க்கு மட்டும் மூட்டுவாதத்துக்கு ஒரு மாத்திரை உண்டு. டாக்டர் திருநெல்வேலியிலிருந்து அதைத் தனியாக வாங்கி வருவார். வாரம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளும் ஏழு புள்ளிக் கவரிலிருந்து போலிக் ஆசிட், ஞாயிறு மட்டும் அதைத் தொடக் கூடாது. இரண்டும் சின்னது, இரண்டும் மஞ்சள்.

போலிக் ஆசிட் அட்டையில் நான்கு குழிதான் காலி. மூட்டுவாத மாத்திரை அட்டைகளில் இருபத்தாறு காலி. கணக்கு தலைகீழ்.

மூன்று தடவை எண்ணினேன். நெருப்பு அதற்குள் பாதியை எடுத்துக்கொண்டது. மீதியைக் கையால் இழுத்தேன். விரலில் கொப்புளம்.

டாக்டர் மேசையில் வைத்திருக்கும் தடித்த புத்தகத்தில் தேடினேன். ‘ஒருபோதும் தினமும் கொடுக்கக் கூடாது’ என்று கறுப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. முதலில் வாய் புண்ணாகும். பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அதன் பிறகு வரும் வரியை இங்கே எழுதப் போவதில்லை.

நான் கவனமாகத்தான் போட்டேன்.

ஜூன் 26, வியாழன்

இன்று மாதாஜியிடம் சொல்லியே தீருவது என்று போனேன். அறையில் தையல்காரம்மா இருந்தார். “வா ரஞ்சனி, நல்ல நேரத்துல வந்த, கையைத் தூக்கு” என்றார் மாதாஜி. வெள்ளை ரவிக்கைக்கு அளவு எடுத்தார்கள். தோளில் நாடா வைத்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது.

“குளிரா?” என்று கேட்டார் தையல்காரம்மா.

“ஆமாம்” என்றேன். ஜூன் மாதம், மின்விசிறிகூட ஓடவில்லை.

பயிற்சியில் இருப்பவர்கள் இன்னொரு நாட்குறிப்பும் எழுத வேண்டும். மாதக் கடைசியில் மாதாஜி அதை வாங்கிப் பார்ப்பார். எழுந்த நேரம், ஜப எண்ணிக்கை, வாசித்த நூல், சொன்ன பொய் என்று கட்டங்கள். இன்றைய கடைசிக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

214-க்கு இன்றோடு நாலாவது மாத்திரை.

ஜூன் 27, வெள்ளி

214-இன் நோய்க்குறிப்பு அட்டையை எடுத்துப் பார்த்தேன். ‘பெண். 40. மூட்டுவாதம். நான்கு வருடமாக வருகிறார்.’ வேறொன்றும் இல்லை. எப்படி இருக்கும்?

கண்ணை மூடி ஞாயிற்றுக்கிழமையை நினைத்தேன். பச்சைப் பூப்போட்ட சேலை. முந்தானையில் ரோஸ் நூல் ஒன்று ஒட்டியிருந்தது. பீடிக் கட்டுக்குச் சுற்றுகிற நூல். இந்த மலையடிவாரத்தில் ஏழு ஊர், எல்லா ஊரிலும் பீடி. என் வகுப்பிலேயே முப்பத்திரண்டு பேரில் இருபது பேரின் அம்மாக்கள் பீடி சுற்றுகிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் மாரிசெல்வி மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

“டீச்சர், வாய்ப்புண்ணுக்கு என்ன போடணும்?”

“மணத்தக்காளிக் கீரை நல்லது.”

“அதெல்லாம் திங்க முடியாதே டீச்சர். தண்ணி குடிச்சாலே எரியுது.”

“அப்போ தேங்காய்ப்பால். யாருக்கு?”

“சும்மா கேட்டேன்” என்று ஓடிவிட்டாள்.

என்னால் எதையும் ஒழுங்காகக் காதில் வாங்க முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் அந்தக் கவர்தான் தெரிகிறது. ஏழு புள்ளி.

ஐந்தாவது.

ஜூன் 28, சனி

சொல்லிவிட்டேன்.

மாதாஜி பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் நாரைக் கீழே வைத்தார். “எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார். ஆறு என்றேன். “உனக்கு எப்போ தெரியும்?” என்றார். புதன் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. தொலைபேசியில் டாக்டரின் எண்ணை மூன்று முறை தப்பாக அழுத்தினார். அதுவரை எனக்குள் மட்டும் இருந்த பயம் அப்போது அறை முழுதும் நிறைந்தது. அவருக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

ஒலிபெருக்கியைப் போடாமலே டாக்டரின் குரல் எனக்குக் கேட்டது.

“பேரக் கேக்காத, விலையக் காட்டாத, வாயத் திறக்காத! ஒரு ஆளக் கொல்றதுக்கு இதவிட வசதியா யாரும் ஏற்பாடு பண்ண முடியாது மாதாஜி! நான் அட்டையோட குடுங்கன்னு எத்தனை வருஷமா சொல்லுதேன்?”

“திட்டறத அப்புறம் வச்சுக்கோங்க டாக்டர். இப்போ என்ன பண்ணணும்?”

“ஆளக் கண்டுபிடிங்க. அதுதான் மருந்து.”

எப்படி நடந்தது என்று மாதாஜி கேட்டபோது, அட்டைகள் பெட்டியிலேயே கலந்திருந்தன என்றேன். கலந்திருக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

உற்சவத்துக்குக் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை மடத்து வேனில் கட்டினோம். ஓட்டுநர் சொள்ளமுத்து அண்ணாச்சி. மைக் என் கையில். அறிவிப்பை நான்தான் எழுதினேன்: ‘மடத்து மருந்தகத்தில் 214-ஆம் எண் டோக்கன் வைத்திருப்பவர் உடனடியாக மடத்துக்கு வரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்.’ ஆறு முறை அடித்துத் திருத்தி எழுதிய வாக்கியம். இலக்கணப் பிழை இல்லை.

ஏழு ஊரும் சுற்றினோம். வாசலில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். ஓர் ஊரில் சின்னப் பையன்கள் “எரநூத்திப் பதினாலு! எரநூத்திப் பதினாலு!” என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

யாரும் வரவில்லை.

திரும்பும்போது அண்ணாச்சி சொன்னார்: “அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதிய. நீங்க கூப்பிட்டது கோர்ட்டுல டவாலி கூப்பிடுத மாதிரி இருக்கு. நானே 214-ஆ இருந்தாலும் கதவச் சாத்திக்கிட்டுப் படுத்திருப்பேன்.”

சிரித்தேன். அறைக்கு வந்து அறிவிப்புத் தாளை மறுபடி வாசித்தேன்.

இன்று ஞாயிறு. ஒரு புள்ளிக் கவரில் இருக்கும் போலிக் ஆசிட்டைச் சாப்பிட்டிருப்பார். வாரத்தில் இந்த ஒரு நாள்தான் அவர் என்னிடமிருந்து தப்பிக்கிற நாள்.

ஜூன் 30, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு மறுபடி கிளம்பினோம். நேற்று எழுதிய தாளை எடுத்துப் போகவில்லை. முதல் ஊர் எல்லையில் மைக்கை அழுத்தினேன். என்ன சொன்னேன் என்று அண்ணாச்சிதான் பிறகு சொன்னார்: “மடத்திலிருந்து பேசுறேன். என் பேரு சிவரஞ்சனி. போன ஏகாதசி ஞாயித்துக்கிழமை கைவலிக்கு மருந்து வாங்கிட்டுப் போன அம்மாவுக்கு நான் மாத்திரைய மாத்திப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. தயவுசெஞ்சு ஏழு புள்ளிக் கவர்ல இருக்கிற மாத்திரைய இனிமே சாப்பிடாதீங்க. எங்க இருந்தாலும் சொல்லுங்க, நாங்களே வாறோம்.” ஏழெட்டு தடவைக்குப் பிறகு குரல் கம்மிவிட்டது என்றும் சொன்னார்.

மூன்றாவது ஊரில் ஒரு சந்திலிருந்து மாரிசெல்வி ஓடி வந்தாள். பள்ளிச் சீருடையில்தான் இருந்தாள், தலை வாரவில்லை. வேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

“டீச்சர்! டீச்சர்! எங்க அம்மா டீச்சர்! சொல்லக் கூடாதுன்னு சொன்னா டீச்சர்!”

வெள்ளிக்கிழமை மேசைப் பக்கம் வந்து நின்றவள். ‘இப்போது மெதுவாகச் சுற்றுகிறாள்’ என்று எழுதியவள். நான் எட்டு மதிப்பெண் போட்டேன்.

அந்த அம்மா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. உடம்பு நெருப்பு. கையெட்டும் தூரத்தில் செம்பு, அதன் பக்கத்தில் இரண்டு கவர். ஏழு புள்ளிக் கவரில் பத்தொன்பது மீதி. இன்று காலையும் சாப்பிட்டிருக்கிறார்.

அண்ணாச்சியும் நானும் தூக்கினோம். கனமே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் நிமிராமலே கேட்டார்: “பேஷன்ட் பேரு?”

எனக்குத் தெரியாது. நான்கு வருடம் எங்களிடம் மருந்து வாங்கியவர். “முப்பிடாதி” என்றாள் மாரிசெல்வி.

ஜூலை 1, செவ்வாய்

வெள்ளை அணு 2,100. நாலாயிரத்துக்குக் குறையக் கூடாதாம். நச்சு முறிக்கும் ஊசி ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் போடுகிறார்கள். மாரிசெல்வியை மாதாஜி மடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அப்பாவுக்குத் தகவல் போயிருக்கிறது. நான் இங்கேயே இருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

1,300.

ஜூலை 3, வியாழன்

800. தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எந்தச் சின்னக் கிருமியும் போதும் என்றார் இளம் டாக்டர். நான் மூச்சு விடுவதற்கே பயமாக இருக்கிறது.

எதிர் வார்டுக்காரம்மா ஒருவர் என்னைப் பார்த்து மற்றவர்களிடம் சொல்கிறார்: “மடத்துல இருந்து வந்து எப்படிப் பாத்துக்கிடுதாவ பாருங்க. பெத்த மக்க செய்யாது.” எழுந்து போய்ப் பாத்ரூமில் நின்றேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்று எழுதியே ஆக வேண்டும்.

அட்டைகள் கலந்திருக்கவில்லை. ஜூன் 21, சனிக்கிழமை மதியம், மருந்தக மேசையின் இழுப்பறையைப் பாதி திறந்து வைத்திருந்தேன். உள்ளே ஒரு நாவல். மடத்துக்கு வரும்போது விட்டுவிட்டு வர முடியாத ஒன்று, ஐந்தாவது முறையாக வாசிக்கிறேன். கை தன் பாட்டில் மாத்திரையைப் பிதுக்கியது, கண் இழுப்பறையில் இருந்தது. அந்த நாவலில் வரும் ஒரு பெண் ரயில் நிலையத்தில் காத்திருந்தாள். அவளுக்காகக் கண் கலங்கியது நினைவிருக்கிறது. இருபத்தாறு முறை பிதுக்கியது நினைவில்லை.

புதன்கிழமையே வகுப்பில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் யாரிடம் 214 இருக்கிறது? முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். கேட்டால் பள்ளிக்கே தெரிந்துவிடும், சேலை கிடைக்காது. அதனால் கேட்கவில்லை. மூன்று மாத்திரை, வியாழன், வெள்ளி, சனி. அவை தவறிப்போய் நடந்தவை இல்லை.

650.

ஜூலை 6, ஞாயிறு

ஏகாதசி. மடத்தில் மௌனம். நான் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறேன். வாய் கொப்பளிக்கச் சொல்கிறேன், ஊசிக்கு நேரமாச்சு என்று நர்ஸைக் கூப்பிடுகிறேன், மாரிசெல்வி கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்கிறேன். முப்பிடாதி அம்மா கண்ணை மட்டும் அசைக்கிறார்.

நாவலைப் பற்றி மாதாஜியிடம் தொலைபேசியில் சொல்ல முடியாது. இன்று அவர் எடுக்கமாட்டார். ஒரு தாளில் எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்து அனுப்பினேன்.

700. ஏறுகிறதா, இல்லை எண்ணியதில் பிழையா என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

1,600. காய்ச்சல் இல்லை. இளநீர் இரண்டு வாய் குடித்தார்.

ஜூலை 9, புதன்

2,900.

முப்பிடாதி அம்மா இன்று பேசினார். சாய்த்து உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். நாவல் வாசித்ததைச் சொன்னேன். புதன்கிழமையே தெரிந்ததையும், சனிக்கிழமைவரை வாய் திறக்காததையும் சொன்னேன். கரண்டி கையிலேயே இருந்தது. அவர் கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் தெரியும் டீச்சர்” என்றார்.

“என்ன தெரியும்?”

“மாத்திரை மாறியிருக்குன்னு. நாலு வருஷமா திங்கேன்லா? அந்த வாரம் ஒண்ணு திங்குத மாத்திரை லேசாக் கசக்கும். மொத நாளே நாக்குல தெரிஞ்சுது. டாக்டர் மாத்தியிருப்பாருன்னு நெனச்சேன். வாய் வெந்ததும் தெரிஞ்சுபோச்சு, இது தப்புன்னு.”

“அப்புறம் ஏம்மா சாப்பிட்டீங்க?”

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கவரக் காலியாத் திருப்பித் தரணும்லா. மாத்திரை மிச்சம் கெடந்தா, மடத்து மருந்த வேண்டாம்னு வச்சிருக்கான்னு டோக்கனப் புடுங்கிருவியளோன்னு பயம். மருந்து தப்புன்னு நான் வந்து சொன்னா நல்லாவா இருக்கும்? சும்மா குடுக்கதுக்குக் குத்தம் சொல்லுதா பாருன்னுவாவ. பிள்ளை வேற உங்க பள்ளிக்கூடத்துல சும்மா படிக்கா. மைக்குல 214-ன்னு கூப்பிட்டதும் ஈரக்கொலையே நடுங்கிட்டு. கதவச் சாத்தி, மூச்சு விடக் கூடாதுன்னு பிள்ளை வாயப் பொத்துனேன்.”

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

“மறுநா நீங்க தப்பு என்னோடதுன்னு சொன்னிய பாருங்க, அப்பதான் கைய எடுத்தேன். அவ ஓடிட்டா.” என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வீங்கிய விரல்களில் இவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை. “மன்னிச்சுக்கிடுங்க டீச்சர். என்னால உங்களுக்கு எம்புட்டுக் கஷ்டம். மாரிசெல்விய வச்சுக்குவிய இல்லையா?”

பதினைந்து நாளாக நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவர் நான்கு வருடமாக எங்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறார்.

ஜூலை 10, வியாழன்

குருபூர்ணிமா. அண்ணாச்சியிடம் கொடுத்த தாளில் நான் கேட்டுக்கொண்டபடி என் சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டதாக மாதாஜி தொலைபேசியில் சொன்னார். ‘எப்போது’ என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பிடாதி அம்மா சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன். வெகுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. இன்று மௌன நாள் இல்லை.

ஜூலை 12, சனி

4,200. நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாரிசெல்வியின் அப்பா வந்துவிட்டார். நான் மடத்துக்குத் திரும்பினேன். பயிற்சி நாட்குறிப்பின் கடைசிக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்த நாட்களைச் சிவப்பு மையில் அடித்து, இருந்ததை எழுதி மாதாஜியிடம் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

மருந்தக ஜன்னலில் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். “நீதான் நிக்கணும்” என்றார் மாதாஜி. நேற்று மாலை அவரே உட்கார்ந்து மாத்திரைகளை அட்டையோடு நறுக்கிக் கவரில் போட்டிருக்கிறார். மருந்தின் பெயர், தேதி, விலை எல்லாம் தெரிகிற மாதிரி. காலிக் கவர் கேட்கக் கூடாது என்று டாக்டரின் மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறார். கேட்க வேண்டியது பெயர்.

முதல் ஆள் 87, ரத்தக் கொதிப்புக்காரர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஐயா, உங்க பேரு?”

அவர் முகம் மாறிவிட்டது. ஓர் அடி பின்னால் போனார். “பேரு எதுக்கும்மா? நான் என்ன தப்பு செஞ்சேன்?”

வரிசையில் எல்லாப் பேச்சும் நின்றது. எனக்கு அந்தப் பயம் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு மூச்சு விடாமல் இருக்கிற பயம்.

“என் பேரு சிவரஞ்சனி ஐயா. போன தடவை ஒரு அம்மாவுக்கு மருந்த மாத்திக் கொடுத்தது நான்தான். மறுபடி அப்படி நடக்காம இருக்கத்தான் கேக்குறேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்த மைக்குக்காரப் பிள்ளை நீதானா? ஊரே கேட்டுச்சே.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “சங்கரபாண்டி.”

எழுதினேன். எது காலை, எது மாலை என்று சத்தமாகச் சொன்னேன். அவரைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். கவரை நீட்டினேன்.

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவர் பாதியில் நிறுத்தினார். மாத்திரை அட்டையை வெளியே எடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கத் தொடங்கினார். வரிசை காத்திருந்தது. நானும் காத்திருந்தேன்.